இடம் மாறிய வலி

முதலில் வலது கால்முட்டு வீங்கியது. என் மகள் எஸ்தருக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் படித்த மிஷன் பள்ளியில் நான் டிரில் மாஸ்டர். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து போய்ப் பதினைந்து நாள் இருக்கும். எண்ணெய் தேய்த்துவிட்டு, ஓடினால் சரியாகிவிடும் என்றேன்.

இரண்டாம் நாள் அந்த வீக்கம் வற்றிவிட்டது. வலி இடது முட்டில் என்றாள். மறுநாள் முழங்கையில் என்றாள்.

"நேத்து அந்தக் கால், இண்ணைக்கு இந்தக் கை. வலி என்ன சந்தைக்கா போகுது?" என்று கேட்டு நானே சிரித்தேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. "கேட்டியளா, பிள்ளைக்க உடம்பு சுடுது. ஓட விடாதீங்கோ" என்றாள்.

'வாத்தியார் பிள்ளை மக்கு' என்று ஊர் சொல்லிவிடுமோ என்று எனக்குப் பயம். ஊரார் பிள்ளை சாக்குச் சொன்னால் பிரம்பைக் காட்டுகிறவன், சொந்த மகளை மட்டும் நிழலில் உட்கார வைக்கலாமா? மகாராஜாவின் பிறந்தநாள் பந்தயத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஓட வைத்தேன்.

மூன்றாம் சுற்றில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "நெஞ்சு கிடந்து இடிக்குதுப்பா" என்றாள். அதையும் நான் உடனே நம்பவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

வில்வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். வாத சுரம் (தொண்டை நோவுக்குப் பின் மூட்டுக்கு மூட்டு தாவும் காய்ச்சல்) என்றார். அது இதயத்தின் வால்வையும் (இரத்தம் பின்வாங்காமல் காக்கும் சிறு கதவு) பிடித்துவிட்டதாம்.

"வலி இடம் மாறுகதுதான் இந்தச் சீக்குக்க அடையாளம், சாரே. பிள்ளை அதைத்தானே உங்ககிட்ட சொல்லியிருக்கு?"

டிரில்தான் கெடுத்ததா என்று கேட்டேன்.

"தினமும் ஓடுற பிள்ளைகளுக்க இதயம் பலப்படத்தான் செய்யும். காய்ச்சலோட ஓட்டினதுதான் பிசகு."

மூன்று மாதம் படுக்கை. டிஜிட்டாலிஸ் (துடிப்பை நிதானப்படுத்தும் துளி மருந்து) கொடுத்தோம். பிறகு, படுத்தே கிடந்தாலும் இதயம் தளர்ந்துவிடும், நடக்க விடுங்கள் என்றார் டாக்டர். முதல் நாள் பத்து அடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நடந்ததும் நாடி பார்க்க வேண்டும். சற்று நேரத்தில் துடிப்பு இறங்காவிட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். எத்தனையாவது அடி கூடுதல் என்று முன்னாடியே சொல்ல அவராலும் முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தால், காய்ச்சல் இல்லாத நாளில் ஓடியாடுவதைக் கண்டு பயப்படாதீர்கள். பிள்ளை வலிக்கிறது என்றால் நம்புங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

இப்போது எஸ்தர் கோயில் வரைக்கும் நடக்கிறாள். முகம் தெளிந்திருக்கிறது. மறுபடி தொண்டை நோவு வந்தால் வால்வு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வாரமாக அவள் தண்ணீர் குடிக்கும்போது முகம் சுளிக்கிறாள்.

இன்று நடந்து வந்ததும் மணிக்கட்டைப் பிடித்தேன். குதிரை ஓட்டம். காத்திருந்தேன். இறங்கவில்லை.

"எங்கயாவது வலிக்குதா மக்கா?"

"இல்லப்பா. ஒண்ணுமே இல்ல."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வலியைச் சொன்னால் அப்பா சிரிப்பார் என்று படித்துவிட்ட பிள்ளை. இனி அவள் வாய் எனக்கு உண்மை சொல்லாது. என் விரலுக்கடியில் துடிக்கிற அந்த நாடி ஒன்றுதான் சொல்லும். நாள், கிழமை எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. நிமிஷம் மட்டும் தெரிகிறது. இன்னொரு நிமிஷம் எண்ணுகிறேன்.