குனிய விடாத பெல்ட்

ஒரு சாண் அகலக் கறுப்பு பெல்ட். முதுகுப் பக்கம் நாலு இரும்புப் பட்டை உள்ளே வைத்துத் தைத்தது. ஒட்டியிருப்பதைப் பிரித்தால் சர்ரென்று கிழிகிற மாதிரி சத்தம் வரும். தறிகள் ஓடும் இரைச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது. ஆனால் மச்சான் அதைப் பிரிப்பதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்குக் காதில் கேட்டது. எழுதும்போது இப்போதும் கேட்கிறது.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். சோமனூரில் ஒரே தறிக் குடோனில் இரண்டு பேருக்கும் வேலை. வாசல் பக்கத்துத் தறிகள் எனக்கு, உள் பக்கத்துத் தறிகள் அவருக்கு. நல்ல உயரம். அந்த உயரம்தான் வினை. தறி எல்லாருக்கும் ஒரே உயரம். நூல் அறுந்தால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும். நான் ஒரு மடங்கு குனிந்தால் அவர் இரண்டு மடங்கு குனிய வேண்டும். இருபது வருசம் அப்படிக் குனிந்தார். ஒரு நாள் காலையில் பல் விளக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலி இடுப்பிலிருந்து வலது கால் வழியாகக் குதிகாலுக்கு இறங்கியது.

கோயமுத்தூருக்கு நான்தான் கூட்டிப் போனேன். படம் எடுத்தார்கள். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்றார் டாக்டர். "தொட்டுட்டுத்தான் இருக்குது. நசுக்க விட்டுடாதீங்க" என்றார். பெல்ட் எழுதிக் கொடுத்தார். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு அம்மணியிடம் அனுப்பினார். அந்த அம்மணி பொறுமையாகச் சொன்னது. தறி முன்னால் ஒரு செங்கல் போட்டு ஒரு காலை அதில் வைத்து நில்லுங்க, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை காலை மாத்துங்க. எதை எடுத்தாலும் முட்டியை மடக்கி உக்காந்து எடுங்க, இடுப்பை மடக்காதீங்க. படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலகாணி. பெல்ட்டைத் தூங்கும்போது போட வேண்டாம், வேலையில் போடுங்க, பாரம் தூக்கும்போது மறக்கவே மறக்காதீங்க. "பெல்ட் உங்க பாரத்தைத் தூக்காதுங்க. எப்படி நிக்கோணும்னு ஞாபகப்படுத்தும். அவ்வளவுதான்."

மச்சான் எல்லாவற்றையும் செய்தார். செங்கல்லைக்கூட நனைத்துத் துடைத்துப் போட்டார். ஒரு மாதத்தில் வலி இறங்கியது. ஆள் நெட்டுக்குத்தலாக நின்றார். அவ்வளவு உயரம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதை முதலாளியும் பார்த்தார்.

எங்கள் குடோனில் முதலாளி உள்ளே வந்தால் தலையில் கட்டிய துண்டு இடுப்புக்கு வரும். முதுகு கொஞ்சம் வளையும். யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்க அப்பன் தோட்டத்து வேலைக்குப் போன காலத்திலிருந்து எங்கள் முதுகுக்கு அது பழக்கம். பெல்ட் போட்டால் அந்த வளைவு வராது. சட்டைக்குள் போட்டிருந்ததால் பெல்ட் முதலாளி கண்ணில் படவில்லை, நிமிர்ந்த நெஞ்சுதான் பட்டது.

"என்னப்பா, நெஞ்சை நிமித்திட்டு நிக்கறே? எலக்சன்ல நிக்கப் போறியா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சானும் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, சும்மாதானுங்க" என்றார். முதுகுக்கு வைத்தியம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நோயாளிக்குத் தறி எதற்கு என்று வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் திமிர். இரண்டில் எதையும் அவரால் எடுக்க முடியவில்லை.

டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். "மாப்ளே, நீ வாசல்ல இருக்கறே. அவரு வாரப்போ ஒரு சாடை காட்டீரு. கழட்டிக்கறேன். போனதும் போட்டுக்கறேன்."

தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. எங்களுக்கு எல்லாம் கைச் சாடைதான். சட்டைக் காலரைத் தொட்டால் முதலாளி வாரார் என்று அர்த்தம். நான் காலரைத் தொடுவேன். அவர் சட்டைக்குள் கையை விட்டுப் பெல்ட்டைப் பிரித்துத் தறிக்குப் பின்னால் போடுவார். துண்டு இடுப்புக்கு வரும். முதுகு வளையும். நன்றாகத்தான் நடந்தது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

பாவு நூல் சுற்றிய கனத்த உருளை, அதுதான் பீம், வேனில் வந்தால் முதலாளியும் கூடவே வருவார். பீமை நாலு பேர் தூக்கித் தறியில் ஏற்ற வேண்டும். அந்த அம்மணி மறக்கவே மறக்காதீங்க என்று சொன்ன வேலை அதுதான். நாங்கள் பெல்ட்டைக் கழற்றி வைத்ததும் அந்த வேலைக்குத்தான். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. அதனால் மூன்றாவது தடவையும் காலரைத் தொட்டேன்.

பீமைத் தூக்கினோம். எதிரில் பிடித்தவனுக்குக் கை வழுக்கியது. மச்சான் இடுப்பைத் திருப்பிப் பாரத்தை வாங்கினார். கீழே போடவில்லை. ஏற்றிவிட்டுத்தான் கையை எடுத்தார். முகம் சாம்பலாக இருந்தது. முதலாளி, "என்னாச்சுப்பா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றார் மச்சான். பிறகு தரையில் உட்கார்ந்தார். அவராக எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டாள். "பெல்ட்டு போட்டிருந்தாராடா?"

"போட்டிருந்தாருக்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். அது போன தூரத்தை நான் நினைக்கவில்லை. நரம்பு நசுங்கிவிட்டது, சீக்கிரம் ஆபரேசன் செய்தால் நல்லது, இல்லாவிட்டால் பயிற்சியாவது விடாமல் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். அக்கா தலையை ஆட்டவில்லை. "அவிய பேச்சைக் கேட்டு பெல்ட்டுப் போட்டுத்தானே இப்படி ஆச்சு. இனி கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். முட்டிக்கு அடியில் வைக்கிற தலகாணி பரணுக்குப் போனது. எண்ணெய் போட்டு நீவுகிற ஆள் வந்தார். மச்சான் தனியாக இருந்தபோது என்னிடம், "சொன்னா உன்னை வைவா மாப்ளே. உடு, சரியாப் போயிரும்" என்றார். நான் விட்டேன். அவர் வலது பாதம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது. முதலில் படியில் இடித்தது. அப்புறம் சமதரையில் இடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போய் வந்தார். அக்கா வாசலிலேயே நிறுத்தி, "ஒரு செருப்பு எங்கீங்க?" என்றாள். மச்சான் குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்கால். கட்டைவிரலில் ரத்தம். செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அங்கேயே சொல்லிவிட்டேன். "அன்னிக்குப் பெல்ட்டுப் போடலைக்கா. நாந்தான் சாடை காட்டிக் கழட்ட வச்சேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "மூணு மாசமாச்சேடா" என்று மட்டும் சொன்னாள். விடிந்ததும் கோயமுத்தூர் பஸ்ஸில் இருந்தோம். அதே அம்மணிதான். பாதத்தை அழுத்திப் பார்த்தது, ஊசியால் குத்திப் பார்த்தது. "அப்பவே வந்திருந்தா நம்பிக்கையாச் சொல்லியிருப்பேனுங்க. இப்ப முயற்சி பண்ணலாம்" என்றது. பாதம் தொங்காமலிருக்க முழங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் தாங்கல் கொடுத்தது.

மச்சான் இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து, தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிறார். நான் அதே குடோனில்தான். முதலாளி வந்தாலும் நிமிர்ந்தே நிற்கிறேன். முதுகுக்குப் பயந்துதான்.

தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அக்கா வீட்டுக்குப் போகிறேன். மச்சான் பாயில் மல்லாந்து படுப்பார். தலையைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் தன் காலை அவரால் பார்க்க முடியாது. நான் குதிகாலைப் பிடித்துக்கொள்வேன். கட்டைவிரலைத் தூக்கப் பார்ப்பார். கழுத்து நரம்பு புடைக்கும். அக்கா அடுப்படியில் பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிடுவாள்.

"அசையுதா மாப்ளே?"

நன்றாக உற்றுப் பார்ப்பேன்.

"இல்லீங்க மச்சான்" என்பேன்.