பதினேழாவது கிரேன்

புதிதாகச் செய்த ஒரு கிரேன், கருங்கல் தூண்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முதலாளி உங்களைப் பார்த்து, "போய்க் கீழ நில்லுங்க" என்கிறார். நிற்பீர்களா?

நான் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதைக் கேட்க முடியாத ஓர் இடத்தில் கியாசுதீன் வெல்டராக இருந்தார். எட்டு வருடங்களில் பதினாறு கிரேன்களுக்குக் கீழே நின்றார். அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர் மனைவி சைதுன்னிசா மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் அவருக்கு வேலை. ஏற்றுமதிக்குப் போகிற பனியன்களை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஒதுக்கிப் போட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை நிமிர நேரமிருக்காது.

கியாசுதீன் வேலை பார்த்த ஆத்தப்பா கிரேன் ஒர்க்ஸ் ஆரம்பத்தில் கிரேன் கம்பெனியே இல்லை. எழுபதுகளின் கடைசியில் குன்னத்தூர் ரோட்டில் ரத்தினசாமி தன் அப்பா பெயரில் போட்ட தகரக் கொட்டகை அது. லாரிக்கு பாடி கட்டுவார்கள், டிராக்டருக்கு டிரெய்லர் செய்வார்கள். பிறகு பனியன் ஊர் வீங்கத் தொடங்கியது. சாயப்பட்டறைகளுக்கு பாய்லர் வந்தது, வெளிநாட்டு நிட்டிங் மெஷின்கள் மரப்பெட்டிகளில் வந்தன. வந்ததை இறக்கத்தான் வழியில்லை. உருட்டுக் கட்டையும் வடக்கயிறும் முப்பது பேர் முதுகும்தான் இருந்தன. ரத்தினசாமி, ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதன் மேல் ஓர் இரும்புக் கையைப் பொருத்தினார். அந்தக் கையைப் பற்றவைத்தவர் கியாசுதீன். 1985ஆம் வருடம்.

வாங்க வந்த சாயப்பட்டறைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உள்ளூர்ல செஞ்சதுங்களே, தூக்குமுங்களா? தூக்கி எம் பாய்லரு மேலயே போட்டுட்டா?"

ரத்தினசாமிக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க பாய், நீங்க ஒட்டுனதுதானுங்களே? கீழ போய் நின்னு காட்டுங்க."

கியாசுதீன் சிரித்துக்கொண்டே போய் நின்றார். மூன்று டன் கல் தலைக்கு மேலே ஆடியது. "நல்ல நெழலுங்க! ஒரு கட்டில் இருந்தாக் கொண்டாங்க, படுத்துக்கறேன்" என்றார். கூட்டம் சிரித்தது. கிரேன் அன்றைக்கே விலை போனது.

தொழிலாளியின் விளையாட்டை முதலாளி விதியாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிரேனுக்கும் ஒட்டியவர் கீழே நிற்க வேண்டும். தூக்க வேண்டிய எடையைவிடக் கால்பங்கு கூடுதலாக ஏற்றி, ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுத் தூக்கிப் பார்ப்பதற்குப் பெயர்தான் சோதனை. கீழே ஒரு மனிதன் நிற்பதால் இரும்புக்கு எந்தப் பலம் கூடுகிறது? இரும்புக்குக் கூடவில்லை, வியாபாரத்துக்குக் கூடியது. நிற்க மாட்டேன் என்று சொன்னால் திருப்பி ஒரு கேள்வி வரும்: "அப்ப ஒட்டு சரியில்லீங்களா?" மானமுள்ள வெல்டர் இதற்கு என்ன பதில் சொல்வார்?

1993இல் கம்பெனி முதலிபாளையம் தொழிற்பேட்டைக்கு மாறியிருந்தது. அறுபது பேர் வேலை செய்தார்கள். பதினேழாவது கிரேன் பன்னிரண்டு டன் தூக்கக்கூடியது. அதுவரை செய்ததிலேயே பெரியது. வெள்ளிக்கிழமை கரூர்க்காரர் வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. வியாழக்கிழமை மதியம், இரும்புக் கை வண்டியோடு சேருகிற மூட்டில் கியாசுதீன் மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்தார். மேலே சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டுக் காத்திருந்தார். வெள்ளைப் பொடியில் மயிரிழைபோல ஓர் ஈரக்கோடு எழுந்தது. உள்ளே விரிசல்.

"நோண்டி எடுத்துட்டுப் புதுசா ஒட்டோணுமுங்க. ஒரே ஒரு நாள் குடுங்க" என்று முதலாளியிடம் கேட்டார்.

"நாளைக்கு ஒம்பதே காலுக்கு மேல நல்ல நேரமுங்க பாய். ஜோசியர் குறிச்சுக் குடுத்தது. இத உட்டா இன்னும் இருவத்திரண்டு நாளு ஆவும். மேலாப்புல ஒரு பூச்சுப் போட்டு உடுங்க. முருகன் பாத்துக்குவான்."

அன்று மாலை வீட்டில் கியாசுதீன், அல்லா இருக்கிறான் என்றார். ஆளுக்கொரு கடவுள்மேல் பாரத்தைப் போட்டார்கள். இரும்புக்கு இரண்டு பேரையும் தெரியாது.

"விரிசல்னு தெரிஞ்சும் நிப்பீங்களா?" என்றார் சைதுன்னிசா.

"நான் மாட்டேன்னா சீனிச்சாமிய நிறுத்துவாங்க. அந்த மூட்டுல பாதி அவன் ஒட்டுனது. அருப்புக்கோட்டையில இருந்து பொழைக்க வந்தவன், பொண்டாட்டி பெத்துப் பத்து நாளுதான் ஆவுது."

"பனியன்ல துளி ஓட்டை இருந்தா நான் தூக்கி வீசறேன். ஏன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

"அது வெள்ளைக்காரன் போடற பனியனு சைது" என்று சிரித்தார் கியாசுதீன். "இது என் தலைதான?"

காலையில், ஜும்மா தொழுகைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சைதுன்னிசா வேலைக்குப் போய் உட்கார்ந்தார். விரித்த பனியனில் கண் நிற்கவில்லை. சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு முதலிபாளையத்துக்கு பஸ் ஏறினார்.

கேட்டுக்குள் நுழையும்போது பத்து மணியை நெருங்கியிருந்தது. கரூர்க்காரரின் கார் தாமதமாக வந்ததால் இன்னும் தூக்கவில்லை. பத்தரைக்கு ராகு காலம் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். ரத்தினசாமி கைகூப்பிக்கொண்டு எதிரே வந்தார்.

"வாங்க அம்மிணி. ஊட்ல எல்லாஞ் சௌக்கியமுங்களா?"

"அவர வெளிய அனுப்புங்க. ஒட்டுல விரிசல் இருக்குதாமுங்க."

ரத்தினசாமி குரலைத் தாழ்த்தினார். கோபமே இல்லை. "நல்ல காரியம் நடக்கற எடமுங்க அம்மிணி. வந்தவிய காதுல உழுந்துச்சுன்னா கம்பெனி பேரே போயிரும், அறுவது குடும்பம் கஞ்சி குடிக்குதுங்க. செத்த நேரம் கேட்டுக்கு வெளிய நில்லுங்க. அஞ்சு நிமிசத்துல பாயைக் கையோட அனுப்பி வெக்கறனுங்க."

ஒரு கடுஞ்சொல்லாவது சொல்லியிருந்தால் சைதுன்னிசா சண்டைக்கு நின்றிருப்பார். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனிதரிடம் என்ன செய்வது? "சரிங்க" என்றார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார்.

பூசணிக்காய் உடைத்தார்கள். சங்கிலி விறைத்துக் கற்கள் தரையைவிட்டு எழுந்தன. கியாசுதீன் நடந்து போனார். கேட்டுக்கு வெளியே மனைவியைப் பார்த்ததும் கையை உயர்த்தி, அங்கேயே இரு என்பதுபோல அசைத்தார். பிறகு கீழே போய் நின்றார். கரூர்க்காரர் கைதட்டினார்.

தடித்த துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டதாக சைதுன்னிசா சொல்கிறார். கிரேனின் இரும்புக் கை முறிந்து கல்லோடு இறங்கியது. கூவுவதற்குக்கூட நேரமில்லை. ஜும்மா முடிந்து வந்தவர்கள்தான் அவரை அடக்கத்துக்குச் சுமந்து போனார்கள்.

விசாரணை நடந்தது. ஆட்கள் போகக் கூடாத இடத்துக்குத் தானாகப் போய் நின்றார், கவனக்குறைவு என்று எழுதினார்கள். எட்டு வருடம் அங்கே ஆள் நின்றதைப் பார்த்த எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். சீனிச்சாமியும் போட்டான். ஒரு வாரம் கழித்து வந்து வாசலில் உட்கார்ந்து அழுதான். "வேலையவிட்டுத் தூக்கிருவேன்னாங்கக்கா. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

"உள்ள வந்து டீயக் குடி. உன்னைய நிக்க உடக்கூடாதுன்னுதான் அவரு போனாரு" என்றார் சைதுன்னிசா.

1998இல் கம்பெனி தன் இருபதாண்டு வரலாற்றைப் பளபளவென்று புத்தகமாகப் போட்டது. முதல் லாரி, முதல் கிரேன், முதலாளி பழனிக்குப் பாதயாத்திரை போனது எல்லாம் இருக்கிறது. "ஒரு விபத்துகூட இல்லாத இருபது ஆண்டுகள்" என்று ஒரு தலைப்பு. கியாசுதீன் பெயர் எங்கேயும் இல்லை. இப்போது கம்பெனி வெல்டர்கள் கிரேனுக்குக் கீழே நிற்பதில்லை. கான்ட்ராக்டர் அனுப்புகிற ஆள் நிற்கிறான். ஒரிசாவிலிருந்து வந்தவன், மறுத்துப் பேச அவனுக்கு நம் பாஷைகூடத் தெரியாது.

சைதுன்னிசா இன்னும் செக்கிங் மேசையில்தான் இருக்கிறார். அந்தப் புத்தகத்தை நான் படித்துக் காட்டியபோது அவர் முதலாளியைத் திட்டவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

"கேட்டுல இருந்து நாப்பது எட்டு வெச்சாப் போதுமுங்க. ஓடிப் போயிக் கையப் புடிச்சு இழுத்திருந்தா, மருவாதி தெரியாத பொம்பளைன்னு சொல்லியிருப்பாங்க. சொல்லிட்டுப் போகட்டுமே. நான் சரிங்கன்னு சொல்லிட்டேன்."

முதலிபாளையம் வழியாகப் போகிறவர்களே, புதுக் கிரேன் ஒன்று கல்லைத் தூக்க, அதன் கீழே ஒருவன் நிற்பதைக் கண்டால் தயங்காதீர்கள். நல்ல காரியம் நடக்கிறது, சற்று வெளியே நில்லுங்கள் என்று கைகூப்பிச் சொல்வார்கள். சரிங்க என்று சொல்லாதீர்கள். கிரேனை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள். உள்ளே போய், அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வாருங்கள்.