நின்றுகொண்டே இருந்த உருவம்

ஞாயிறு மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் மகளின் பேச்சு பாதியில் நின்றது. நான் காஹாங் ஊரில், எங்கள் வீட்டுக் கணினி முன் இருந்தேன். அவள் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தள்ளி, ஸ்கூடாயில், வாடகை வீட்டில். அவளும் நண்பர்களும் உருவாக்கிக்கொண்டிருந்த இணைய விளையாட்டுக்குள் இருவரும் ஓர் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தோம்.

இன்னும் வெளியிடப்படாத விளையாட்டு அது. சோதித்துப் பார்க்கச் சிலர் வருவார்கள், நானும் ஒருவன். போனில் 'சாப்பிட்டியா, ஊசி போட்டியா' என்று கேட்டால் எரிந்து விழுகிறவள், அங்கே மட்டும் என்னோடு சாவகாசமாகப் பேசுவாள். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போடுகிற பிள்ளை. கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

அந்த உலகத்தின் விதிகளைப் பற்றி எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நொடியில் தாவ முடியாது, நடக்க வேண்டும். குரலும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும்.

"ஏம்மா மனுசன இப்படி நடக்க விடறே? ஒரு பட்டன் வெச்சா என்ன?"

"பட்டன் வெச்சா வழியில யாரும் யாரையும் பாக்க மாட்டாங்கப்பா. எல்லாம் சுலபமா இருந்தா யாருக்கும் யாரும் தேவைப்பட மாட்டாங்க."

இன்னொரு விதிக்காகத் தன் கூட்டாளிகளோடும் சண்டை போட்டிருந்தாள். இணைப்பு அறுந்தால் நம் உருவம் தரையில் உட்கார்ந்துவிடும். இணைப்பு இருந்து ஆள் மட்டும் இல்லையென்றால் நின்றுகொண்டே இருக்கும். இந்த வித்தியாசம் எதற்கு என்று கேட்டேன். கூட இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றாள்.

அன்று அவள் உருவம் உட்காரவில்லை, அசையாமல் நின்றது. "நாக்கு என்னமோ மரத்து..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. அவள் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கூடத் தங்கியிருந்தவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். என் மனைவி ஆம்புலன்ஸுக்கு அழைத்து முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள். அது வரும்வரை பக்கத்தில் யாராவது வேண்டும். ஸ்கூடாய்ப் பக்கம் எனக்குப் பழக்கமானவர்கள் அந்த விளையாட்டுக்குள்தான் இருந்தார்கள், ஆற்றங்கரை மேட்டுக்கு அப்பால் இருக்கும் சந்தையில்.

ஓடினேன். அதாவது, ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன். வயல், மூங்கில் பாலம், மறுபடியும் வயல். என் பிள்ளை பார்த்துப் பார்த்து உண்டாக்கிய அந்தத் தூரத்தை அப்போது வெறுத்தேன்.

சந்தையில் மீன் விற்கும் ஒரு பெண் இருந்தார். பெயர் தெரியாது. ஞாயிறுதோறும் என்னைச் சீண்டுவார், அன்றும் விடவில்லை.

"என்னண்ணே, இன்னைக்காச்சும் மீனு வாங்குவீங்களா, இல்ல மோந்து பாத்துட்டுப் போறதா?"

விஷயத்தைச் சொன்னேன். குரல் மாறியது.

"அலமாக், ஐயோ! பிள்ளையோட உருவம் உக்காந்துருக்கா, நிக்குதா?"

"நிக்கிறா."

"நான் பக்கத்துல தம்போய்லதான் இருக்கேன். அட்ரஸ் சொல்லுங்க, சீக்கிரம்."

சொல்லி முடித்தபோது மீன்கூடைகளுக்குப் பின்னால் அவருடைய உருவமும் அசையாமல் நின்றது. ஆள் கிளம்பிவிட்டார்.

ஸ்கூடாய்க்குக் கிளம்பினோம், மனைவி காரை ஓட்டினாள். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். மகளின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அடித்து அடித்து ஓய்ந்தது. தாவும் பொத்தான் ஒன்று இருந்திருந்தால் சில நிமிடங்கள் மிச்சமாகியிருக்கும். ஆனால் முந்தைய ஞாயிறுகளில் அந்தச் சந்தை வழியாக நான் நடந்தே இருக்க மாட்டேன், அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவும் மாட்டேன். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வழியில் குளுவாங் ஊரைத் தாண்டிய பிறகு யாரோ போனை எடுத்தார்கள். முதலில் மூச்சிரைப்புதான் கேட்டது.

"அண்ணே, நான்தான் மீன்காரி. உள்ள வந்துட்டேன். பக்கத்து வீட்டு அங்கிள் வாசல் கிரில் கம்பிய அறுத்தாரு. ஆம்புலன்ஸ்காரங்க குளுக்கோஸ் ஊசி போட்டுட்டாங்க, இறங்கின சுகர் ஏறுது. இப்பத்தான் கண்ணு தொறந்தா, என்னப் பாத்து யாருன்னு முழிக்கறா. பயப்படறா போல. நீங்க பேசுங்கண்ணே, போன அவ காதுல வெக்கிறேன்."