சமையல்காரர் முடிச்சு

தளர்ந்த கயிறு ஒன்று கண்ணில் பட்டால் போதும், சாரங்கின் கை சும்மா இராது. பயணிகளின் மூட்டையானாலும் சரி, டீக்கடைப் படுதாவானாலும் சரி, அவிழ்த்துத் தன் கையால் கட்டினால்தான் அவருக்கு மூச்சே வரும். "வெங்காயப் பையக்கூட விட்டு வெக்கிறதில்ல இந்த மனுஷன்!" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார்.

சாரங்கு என்றால் படகு ஆட்களின் தலைவர்; பயணப் படகில் கயிறுகளும் ஆட்களும் அவர் பொறுப்பு. அவர் கட்டும் வளையம் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. வேலை முடிந்ததும் விரலால் நெம்பினால் அவிழ்ந்துவிடும். யார் கற்றுத் தருகிறாரோ அவர் பெயரையே முடிச்சுக்கு வைத்துவிடுவது படகுக்காரர்கள் வழக்கம். ஆகவே படகுத்துறை முழுக்க அதற்குச் சாரங்கு முடிச்சு என்றே பெயர். அப்படி யாராவது சொன்னால் மனிதருக்குச் சுருக்கென்று வரும் கோபம். "என்னுது இல்லய்யா! சமையக்காரரோடது!"

பின்னே, கோபம் வராதா? படகு ஆடும்போது பானை சரியாமலிருக்க, அடுப்புக் கம்பியோடு சேர்த்துக் கட்ட, அப்போது அதே படகில் சமைத்துக்கொண்டிருந்த சமையல்காரர் தானாகக் கண்டுபிடித்த கட்டு அது. பதினெட்டு வருடங்களுக்கு முன் சாரங்கு கடலில் விழுந்தார். வலக்கை முறிந்துவிட்டது. மேலிருந்து வீசிய கயிற்றை ஒற்றைக் கையால் பிடிப்பதும் நழுவவிடுவதுமாகத் தத்தளித்தார். சமையல்காரர் அடுப்பை விட்டு ஓடி வந்து, நுனியில் வளையம் போட்டு வீசினார். அதற்குள் தலையையும் நல்ல கையையும் நுழைத்துக்கொண்டவர், விலா நொறுங்காமல் மேலே வந்து சேர்ந்தார்.

"இன்னிக்கு நான் உக்காந்து சாப்பிடறேன்னா, அது அந்தாளு புண்ணியம்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். நன்றி சொல்லப் போனாலோ, சமையல்காரர் வாயைத் திறக்கவே விடமாட்டார். "போய்யா, பானை கட்டற கட்டு. அதுக்குப் போயி!"

போன வாரம், புதிதாக வேலைக்கு வருபவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிச்சுகளின் பெயர்ப் பலகை ஒன்றைப் படகுத்துறையில் ஒரு நாற்காலிமேல் சாய்த்து வைத்துப் பெயின்டர் எழுதிக்கொண்டிருந்தார். படகுத்துறை அலுவலகம் கொடுத்த பட்டியலில் இருந்ததும் சாரங்கு முடிச்சுதான். அது காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், சமையல்காரரை இனி ஒருவரும் நினைக்கப் போவதில்லை. சாரங்கு வந்தார், பார்த்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டைக் கையாலேயே ஈர எழுத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஐயையோ, உங்க பேருதானேண்ணே!"

"அதான் அழிக்கிறேன். சமையல்காரர் முடிச்சுன்னு எழுது. பெருசா எழுதுய்யா. அந்தாளு கண்ணாடி போடாமலே படிக்கணும்."

பெயின்டர் எழுதி முடித்தார். எதிரேயுள்ள கேன்டீனில்தான் சமையல்காரருக்கு இப்போது வேலை. சாரங்கு பலகையை இரண்டு கையாலும் தூக்கி, கேன்டீன் வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.