மணிக்கு வந்த பாஸ்போர்ட்

அரபு நாட்டில், புஜைரா பக்கம் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் நான் டிரைவர். யாரோ காரில் கொண்டுவந்து ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போன நாயை, என் ரூமில் இருக்கும் செல்வம் மணி என்று பேர் வைத்து, சோறு போட்டு வளர்த்தான். அநாதை நாய்களுக்கு வீடு தேடித் தரும் ஒரு மேடம், அதற்குக் கனடாவில் ஒரு குடும்பம் பார்த்துவிட்டார்.

"அண்ணே, நம்ம மணிக்கு பாஸ்போர்ட் வந்துருச்சு" என்று செல்வம் காட்டினான். எனக்கு வயிறெரிந்தது. மூன்று வருடமாக நான் ஊருக்குப் போக லீவு கேட்கிறேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பதுதான் முதலாளியின் பதில்.

ஏர்போர்ட்டுக்கு மணியைக் கொண்டுபோகும் டியூட்டியும் எனக்கே விழுந்தது. வழியில் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் கூண்டைத் திறந்தேன்.

"எறங்கு. நீயும் இங்கயே கெட."

மணி இறங்கவில்லை. மூலையில் ஒடுங்கி நடுங்கியது; இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. முன்பும் ஒருவன் இப்படித்தான் கதவைத் திறந்திருப்பான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் துண்டால் கூண்டைத் துடைத்து, மேடத்திடம் பத்திரமாக ஒப்படைத்தேன்.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். போன வாரம் செல்வம் ஒரு வீடியோ காட்டினான். கனடாவில் யாரோ கார்க் கதவைத் திறக்கிறார்கள். மணி தயங்காமல் குதித்து இறங்குகிறது.

"இன்னொரு தடவ போடு" என்றேன். எதற்கென்று அவனிடம் இதுவரை சொல்லவில்லை.