காவலாளியைக் கொல்லாதீங்க

நான் எழுதிய கதையில் ஒரு காவலாளி இருந்தான். இரண்டு மலைகளுக்கு இடையே ஒரு கல்வாசல். அதற்கு அந்தப் பக்கம், ஊரையே வாரிக்கொண்டு போகக்கூடிய ஒரு காற்று அடைபட்டுக் கிடந்தது. வாசல் திறக்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒருநாள் அந்தக் காற்று, செத்துப்போன அவன் மகளின் குரலில் பேசியது. கதவைக் கொஞ்சம் திறந்தால் அவள் முகத்தைக் காட்டுகிறேன் என்றது. திறந்துவிட்டான். கடலோரத்துக் கோட்டை இடிந்தது. அவன் ஓடிப்போனான். உப்பு சுமக்கும் பெண் ஒருத்தி காற்றை எதிர்த்து நடந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

இதையெல்லாம் நான் எழுதியது நாகர்கோவில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில். காலையிலிருந்து சாயங்காலம் வரை பத்திரமும் மனுவும் அடிப்பேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் காவலாளிக்கு. வாரத்துக்கு ஓர் அத்தியாயம், வெள்ளிக்கிழமை தோறும் செல்போன் செயலி ஒன்றில் ஏற்றுவேன். ஆண்பெயர் ஒன்றைப் புனைபெயராக வைத்திருந்தேன். வீட்டுக்காரருக்கு நான் ஏதோ எழுதுகிறேன் என்று மட்டும் தெரியும். முழுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். கடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா.

அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். மண்டைக்காட்டுக்குப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பிளாஸ்கில் சுக்குக்காப்பி கொண்டுவருவாள். கருப்பட்டியை அள்ளிப் போட்டிருப்பாள். அவளுடைய கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். "நேத்து ஒங்க அண்ணன் போன்ல விளிச்சாரு. அங்க தாங்க முடியாத சூடாம்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்வாள். நான் அடித்த அத்தியாயத்தை எட்டிப் பார்த்து, "நல்லாதான் இருக்கு மக்கா, ஆனா இந்தக் காத்து இவ்வளவு பேசுமா?" என்பாள். அவ்வளவுதான் அவள் விமர்சனம்.

மழைக்காலம் தொடங்கிய நேரத்தில் முதல் செய்தி வந்தது. அனுப்பியவருக்குப் பெயர் இல்லை, நான்கு எண்கள்தான். படத்தில் ஒரு செம்பருத்திப் பூ.

"உங்க கதையில வர்ற மலைவாசல் ஆரல்வாய்மொழிதானே? கோட்டை, வட்டக்கோட்டை. சரியா?"

கதையில் ஊர்ப்பெயர் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. பதில் போடாமல் விட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் வந்தது: "இந்த அத்தியாயம் அவசரமா எழுதினீங்களா? வேலை ஜாஸ்தியோ?" உண்மையிலேயே அந்த வாரம் கடையில் மூச்சுவிட நேரமில்லை. அதற்கு அடுத்த வாரம்: "காவலாளி குடிக்கிற சுக்குக்காப்பியில கருப்பட்டி கொஞ்சம் கூடிப்போச்சு."

அந்த வரியைப் படித்தபோது என் மேசையில் அக்கா ஊற்றி வைத்த டம்ளர் இருந்தது. டம்ளரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். ஒரு கிரயப் பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளை அடித்துக்கொண்டிருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. எப்போதும் அப்படித்தான் அடிப்பாள். அன்றைக்கு அது எனக்கு எதையோ மறைப்பது போலத் தெரிந்தது.

அதன்பிறகு அவள் செய்த எதுவும் எனக்கு இயல்பாகப் படவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால், எதற்கு வெளியே போகிறாள்? என் திரையை எட்டிப் பார்த்தால், எதற்குப் பார்க்கிறாள்? பார்க்காவிட்டால், இன்றைக்கு ஏன் பார்க்கவில்லை? அவள் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பிளாக் பண்ணிட்டு சோலியப் பாரு" என்றார். செய்யவில்லை. போனில் பிளாக் செய்யலாம், பக்கத்து நாற்காலியில் இருப்பவளை எப்படிப் பிளாக் செய்வது?

ஒரு பொறி வைத்தேன். புதன்கிழமை சாப்பிடும்போது, "காவலாளிய முடிச்சிரப் போறேன் அக்கா. இடிஞ்ச கோட்டையில மிஞ்சுன மதில்ல இருந்து விழுந்து சாவான்" என்றேன்.

"பாவம்லா" என்றாள் அவள். "மகளுக்க சத்தத்தைக் கேட்டுத்தான திறந்தான்?"

"ஓடுனது?"

"பயந்திருப்பான்."

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்தி வந்தது. "அவன் மதில் மேல ஏறுறானே, தள்ளி விட்டுடாதீங்க. தயவுசெய்து காவலாளியைக் கொல்லாதீங்க."

இனி எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்க வக்கீல் ஒருவரைத் தேடி அக்கா கோர்ட்டுக்குள் போனாள். அவள் போன் சார்ஜரில், மேசை மேல் கிடந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. அவள் விரலால் கோடு போட்டுப் பூட்டைத் திறப்பதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

கதையில் ஒருவனைச் சபலப்படுத்த நான் எவ்வளவு பாடுபட்டேன்! மலையும் மாயக்காற்றும் செத்த பிள்ளையின் குரலும் தேவைப்பட்டன. எனக்கு வேண்டியிருந்தது ஆளில்லாத பத்து நிமிடம். போனை எடுக்கும்போது வாசலைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பு அவ்வளவு திடமாக இருந்தது.

அந்தச் செயலி அவள் போனில் இல்லை. செம்பருத்திப் பூ இல்லை. அப்போதாவது கீழே வைத்திருக்கலாம். அழித்திருப்பாள் என்று தோன்றியது. வாட்ஸப்பைத் திறந்தேன். மேலேயே கணவரின் எண் இருந்தது. அதைத் தொட்டேன்.

"சாப்பிட்டியளா?"

"இன்னைக்கு இங்க நல்ல மழை."

"ஒரு வார்த்த சொன்னா போதும்."

"சாப்பிட்டியளா?"

எல்லாம் இவள் அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒற்றை டிக். மேலே தள்ளத் தள்ள அதுதான். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியில் அவரிடமிருந்து ஒரு வரி: "இனி விளிக்காத. நான் வரமாட்டேன்." அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமே இல்லை. நேற்று அண்ணன் விளித்தார் என்று அவள் என்னிடம் சொன்ன நாள்களிலெல்லாம், இந்தப் போனில் ஒற்றை டிக் விழுந்திருக்கிறது.

நிமிர்ந்தபோது அவள் வாசலில் நின்றாள். கையில் பத்திரம்.

"என்னத்த தேடுக?" என்றாள்.

"டைம் பாத்தேன் அக்கா."

"டைம் செவருல கெடக்கு."

நான் போனை மேசையில் வைத்தேன். திரை இன்னும் அணையவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பிறகு பத்திரத்தைக் கவருக்குள் போட்டாள், சார்ஜரைச் சுருட்டினாள், பையை எடுத்தாள். போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை. முதலாளி கேட்டதற்கு, காய்ச்சலாக இருக்கும் என்றேன். அந்தப் பொய்யையும் நானேதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அத்தியாயம் ஏற்றவில்லை. பதிலாக, செம்பருத்திப் பூவுக்கு எழுதினேன். "நீங்க யாரு? எனக்க ஊரு, வேலை எல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஒங்களால நான் ஒருத்தியக் கொன்னமாதிரி ஆயிப்போச்சு." கோபத்தில் ஊர்ப்பேச்சிலேயே அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வரும்போது பதில் வந்தது. நீளமான பதில்.

செம்பருத்திப் பூ ஒரு பெண். குளச்சல் பக்கம் சொந்த ஊர். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னை அவளுக்குத் தெரியாது. ஆண் என்றே நினைத்திருந்தாள். "மலைக்கு நடுவுல, மனுசன் சாய்ஞ்சு நடக்கிற அளவுக்குக் காத்து வர்ற ஒரு வாசல்னு எழுதினா எங்க ஊர்க்காரிக்குத் தெரியாதா? கோட்டைச் சுவர்ல மீன் செதுக்கியிருக்குன்னும் எழுதியிருந்தீங்க. சின்ன வயசுல நான் அதைத் தொட்டுப் பாத்திருக்கேன்." எழுத்துப் பிழை நிறைய இருந்ததால் அவசரம் என்று நினைத்தாளாம். கருப்பட்டி கூடிவிட்டதாகக் காவலாளியே சலித்துக்கொள்கிறானே என்றாள்.

என் அத்தியாயங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. காவலாளியை மதிலில் ஏறவிட்டு, "இனி அவனுக்குக் கீழே கடல் மட்டுமே" என்று முந்தின வாரக் கடைசி வரியை எழுதியதும் நான்தான். அவள் ஒன்றையும் வேவு பார்க்கவில்லை. நான் எழுதியதை ஒழுங்காகப் படித்திருக்கிறாள்.

அந்தப் பதிலின் கடைசிப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். கொரோனா வந்த புதிதில், அவளோடு வேலை பார்த்த ஒருத்தி நோய் வந்து படுத்துவிட்டாள். அன்று இவளுக்கு அந்த நோயாளி கிடந்த வார்டில் டியூட்டி. போகவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் உள்ளேயே இருந்தாள். கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. நாலாம் நாள் தானே எழுந்து போனாள். யாரும் திட்டவில்லை, கவச உடையை எடுத்துக் கொடுத்தார்கள். "அந்த மூணு நாள் யாரோ எனக்குப் பதிலா நின்னாங்க. அது யாருன்னு கேக்கிற தைரியம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் இல்லை. உங்க காவலாளிக்கு நாலாம் நாள் உண்டான்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதிட்டே இருந்தேன். பயமுறுத்தியிருந்தா மன்னிச்சுக்கோங்க."

கடைக்குப் போனேன், வேலை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டைக்காட்டு பஸ்ஸில் ஏறினேன். ஏறும்போது ஒரு திட்டம் இருந்தது. போனை எடுத்தது தப்பு என்று சொல்லலாம். ஒன்றையும் படிக்கவில்லை என்றும் சொல்லலாம். அவளுக்கும் அதுதான் மரியாதை, பார்க்காததுபோல் இருப்பதுதானே நாகரிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். இறங்கி நடக்கும்போதுதான், இந்த நாகரிகம் யாருக்காக என்று உறைத்தது.

வீட்டு முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழவில்லை. "இரி" என்றாள். படியில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் எல்லாத்தையும் படிச்சேன்" என்றேன். "கடைசி மெசேஜ் வரைக்கும் படிச்சேன். நீங்க வந்திராட்டா இன்னும் படிச்சிருப்பேன்." பிறகு செம்பருத்திப் பூ, கருப்பட்டி, மதில், நான் வைத்த பொறி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாக இருந்தது என்று எனக்கே கேட்டது.

அவள் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. ஒரு கொத்தை உருவி முடித்துவிட்டு, "ஒனக்கு சந்தேகம் வந்துது, செரி. எல்லாருக்கும் வரும்" என்றாள். "கேட்டிருக்கலாம்லா? பக்கத்துலதான இருந்தேன். நீங்கதானா அதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, இல்ல மக்கான்னு சொல்லியிருப்பேன்."

"கேக்கத் தைரியம் இல்ல அக்கா."

"போன எடுக்கத் தைரியம் இருந்துது."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணீர் தானாக வடிந்தது. "எட்டு மாசமா ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருந்தேன். ஊர்ல தெரியாது. எனக்க அம்மைக்குத் தெரியாது. ஒங்கிட்ட அவரு விளிச்சாருன்னு சொல்லும்போது, ஒரு அஞ்சு நிமிசம் எனக்கே அது உண்மைபோல இருக்கும். அது போச்சு."

"மன்னிச்சிருங்க."

"இப்ப சொல்ல ஏலாது" என்றாள். "நாலேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு. அத விட்டா அஞ்சரைக்குத்தான். போ."

நாலேகால் பஸ்ஸில் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். வேலை சம்பந்தமாக மட்டும் பேசினாள். அவள் வெளியே போகும்போது போனும் கூடவே போனது. எனக்கு அது தைத்தது. தைக்கட்டும் என்று இருந்தேன்.

காவலாளியை நான் கொல்லவில்லை. அவனை மன்னித்து மாலை போடவும் எனக்கு மனம் வரவில்லை. கோட்டை இடிந்ததில் பிள்ளையை இழந்தவர்கள் கதையில் இருந்தார்கள், அவர்கள் சார்பில் மன்னிக்க நான் யார்? அவன் திரும்பி வருகிறான். யாரும் அவனோடு பேசவில்லை. உப்புக்காரி மட்டும், "கதவை இரண்டு பேர் பிடித்தால் நான் கொஞ்சம் தூங்கலாம்" என்கிறாள். அவன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறான். காற்று மகளின் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. மஸ்கட்காரி அதைப் படித்துவிட்டு ஒரே வரி அனுப்பினாள். "அந்த மூணு நாள் நின்னவங்க யாருன்னு இன்னைக்குக் கேட்டுட்டேன்."

தை பிறந்து சில நாள் இருக்கும். கடையில் கூட்டமில்லாத ஒரு மதியம். அக்கா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"குடும்பக் கோர்ட்டுக்கு ஒரு மனு அடிக்கணும்" என்றாள். "எனக்குத்தான். நானே அடிச்சா ரெண்டு வரிக்கு மேல போகமாட்டேங்கு. நீ அடி."

புதிய பக்கம் திறந்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். திருமணமான வருடம், வாழ்ந்த வீடு, அவர் கடைசியாகப் பேசிய நாள். 'மனுதாரரை நிர்க்கதியாகத் தவிக்கவிட்டுக் கைகழுவிச் சென்றுவிட்டார்' என்று, நாங்கள் இந்த மாதிரி எல்லா மனுவிலும் போடுகிற வாக்கியத்தைப் போட்டேன். அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அது வேண்டாம் மக்கா" என்றாள். "'போய்விட்டார்'ன்னு மட்டும் போடு."

அழித்துவிட்டு அப்படியே போட்டேன்.