புளிக்கிற ஆரஞ்சு வேண்டும்

என் மனைவி திருநெல்வேலிக்காரி. கல்யாணம் முடிந்து பினாங்குக்கு வந்த முதல் வாரத்தில் அவளைப் பேரங்காடிக்கு அழைத்துப் போனேன். அவள் ஊரில் ஆரஞ்சு இரண்டே ரகம்தான். தோல் கையோடு கழன்று வந்தால் கமலா ஆரஞ்சு. வராவிட்டால் சாத்துக்குடி, அதைப் பிழிந்து காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்கள். இங்கே ஒரு சுவர் நீளத்துக்கு வகைவகையாய்க் குவிந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இம்புட்டும் ஆரஞ்சா?"

நான் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. பழத்துக்கும் எனக்கும் தின்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. ஆனாலும் புதுமாப்பிள்ளை அல்லவா, விளக்கத் தொடங்கிவிட்டேன். தோல் தொளதொளவென்று, காம்புப் பக்கம் மேடு தட்டி இருப்பது பொங்கான். உரிப்பது சுலபம், ஆனால் உரித்த பிறகு பெரிய சட்டை போட்ட ஒல்லி ஆள் மாதிரி உள்ளே கொஞ்சம்தான் இருக்கும். சின்னதாய், தோல் சதையோடு ஒட்டிக்கொண்டிருப்பது லுக்காம். உரிப்பதற்குள் நகம் வலிக்கும், ருசி மட்டும் ஒரு படி கூட. வலென்சியா சாறு பிழிவதற்கு. அடியில் தொப்புளோடு இருப்பது நேவல், அதில் கொட்டையே இருக்காது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல கமலா ஆரஞ்சு எது?" என்றாள்.

"பொங்கான்தான் ஏறக்குறைய."

அவள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "இல்ல" என்று சொல்லித் திரும்ப வைத்தாள். அன்றைக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த சீனப் புத்தாண்டுப் பெருநாள் நெருங்கியபோது அவள் முழுகாமல் இருந்தாள். மசக்கை. சோற்று வாசம் ஆகவில்லை, காபி ஆகவில்லை, நான் போடும் சவரச் சோப்பு ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஆரஞ்சு வேணும். நல்லா புளிக்கணும்" என்றாள்.

எலுமிச்சை பிழிந்து தரவா என்று கேட்டேன். முறைத்தாள். சுளை சுளையாய்ப் பிய்த்துத் தின்ன வேண்டுமாம், தின்றால் கண் சுருங்க வேண்டுமாம். வீட்டில் நேவல் ஒன்று இருந்தது. வெட்டி நீட்டினேன். நேவல் பழத்தின் தொப்புளுக்குள் குட்டியாய் இன்னொரு பழம் ஒளிந்திருக்கும். அதைப் பார்த்தவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"இதுவும் என்னைய மாதிரி பிள்ளத்தாச்சியால்லா இருக்கு! இத எப்படித் திங்க?"

அதற்கு மேல் பேச முடியாது. மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தேன்.

பெருநாளுக்கு ஆரஞ்சு கொடுத்து வாழ்த்துவது சீனர் வழக்கம். பெருநாளுக்கு முந்தைய பாசாரில், அதாவது சந்தையில், ஆரஞ்சு அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு பழத்தை உரித்துப் பிடித்துக்கொண்டு, "மானிஸ்! மானிஸ்!" என்று கூவினார். மானிஸ் என்றால் மலாயில் இனிப்பு. அந்தச் சத்தத்தின் நடுவே நான் சிவப்புச் சட்டை போட்ட ஒரு சீன ஆண்ட்டியிடம் போய், புளிப்பாக இருக்குமா என்று மலாயில் கேட்டேன். குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு சுளையை என் வாயருகே கொண்டுவந்தார்.

"தின்னு பாரு! எங்க புளிக்குது? சொல்லு!"

தின்றேன். கற்கண்டு. "இல்லை ஆண்ட்டி, எனக்குப் புளிப்புதான் வேண்டும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மோவாயால் எதிர்க்கடையைக் காட்டினார்.

"புளிப்பு வேணும்னா அங்க போ. அவன்கிட்ட எல்லாமே புளிப்புதான்."

நான் அதை நல்ல வார்த்தை என்று நம்பினேன். எதிர்க்கடைக்காரரிடம் போய்ப் பணிவாக, "அந்த ஆண்ட்டி உங்களிடம் புளிப்புப் பழம் கிடைக்கும் என்று சொன்னார்" என்றேன்.

பெட்டிக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்த அவருடைய கத்தி நின்றது. என் தலைக்கு மேலே பார்த்து ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கத்தினார். ஆண்ட்டி இரண்டு பங்காகத் திருப்பிக் கத்தினார். பக்கத்து மீன் கடையிலிருந்தும் ஒருவர் சேர்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்த ஹொக்கியன் சொற்பம். பழம், புளிப்பு என்ற இரண்டும் புரிந்தன. இருவரும் அடிக்கடி என் பக்கம் கைநீட்டிச் சொன்ன மூன்றாவது சொல் புரியவில்லை, புரிந்துகொள்ள ஆசையும் இல்லை. பொங்கான் பெட்டிகளின் மறைவிலேயே நகர்ந்து வெளியேறினேன்.

கடைசியாகச் சூலியா தெருவில், தள்ளுவண்டியில் பழம் விற்கும் தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, புளிக்கிற ஆரஞ்சு எங்கயாச்சும் கிடைக்குமா?"

"பெருநாள் நேரத்துல வந்து புளிப்புக் கேக்குறீங்களே தம்பி! இருந்தாலும் எவன் வெளிய சொல்லுவான்?" என்று சிரித்தார். பிறகு ஒரு கூடையைத் திறந்து காட்டினார். பச்சைத் தோலும் அங்கங்கே மஞ்சளுமாய், பழுக்காத காய் மாதிரி இருந்தன. "லிமாவ் மாடு. மலையிலேருந்து வந்தது. பாக்கத்தான் இப்படி, உள்ள சக்கர லா."

லிமாவ் என்றால் ஆரஞ்சு, மாடு என்றால் தேன். இங்கே பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் நாலு கால் மாடு ஞாபகத்துக்கே வராது. எனக்கும் வரவில்லை. வெயிலில் தலை காய்ந்து போயிருந்தது. ஒரு பை நிறைய வாங்கினேன். வெறுங்கையோடு வரவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்று, எப்போதும்போல் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி ஒரு செய்தி அனுப்பினேன்:

"நீ கேட்டது கிடைக்கல. மாடுதான் கிடைச்சுது. பாக்க சுமாராத்தான் இருக்கு, ஆனா ரொம்ப ஸ்வீட். கொண்டு வரேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

வண்டியில் வரும்போது சட்டைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. நன்றி சொல்கிறாள் என்று நினைத்து உற்சாகமாய் ஓட்டினேன்.

சுங்கை பினாங் ஃபிளாட்டில் எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றார். என் மனைவி சோபாவில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எதிரே தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த தொலைபேசித் திரை முழுக்கத் திருநெல்வேலியிலிருந்து என் மாமியாரின் முகம்.

"எங்க அவ?" என்றாள் மனைவி.

"யாரு?"

"கீழ நிக்காளா? மேல கூட்டிட்டு வர வேண்டியதுதான? அதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லிட்டீங்களே!"

திரையிலிருந்து மாமியாரின் குரல் உடைந்து வந்தது. "மாப்ள, எங்க பிள்ளைக்கி என்ன கொற வச்சோம்? வாயும் வயிறுமா இருக்கிற நேரத்துல இப்படியா?"

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. செய்தியைப் படித்ததும் முதலில் நான் பசுமாடு வாங்கிவிட்டதாக நினைத்திருக்கிறாள். நாலாவது மாடியில் மாட்டை எங்கே கட்டுவது என்று யோசித்திருக்கிறாள். பிறகு, இந்த ஊர்ப் பேச்சாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, மலாய் படிக்க வைத்திருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். மலாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தேன் என்பதற்குக் கீழேயே அது இருந்தது: சக்களத்தி.

பார்க்க சுமார், ஆனால் ரொம்ப ஸ்வீட். நான் எழுதியதை நானே மனதுக்குள் படித்துப் பார்த்தேன். வியர்த்துவிட்டது.

பையைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டினேன். "அத்தை, இதுதான் மாடு."

"மாடா?" என்றார் மாமியார், கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, லிமாவ் மாடு லா! நம்ம தேன் ஆரஞ்சு! நான் வேற இவ்வளவு நேரம் ஒங்களத் திட்டிக்கிட்டு இருந்தேனே தம்பி!"

மனைவி சிரிக்கவில்லை. பையைப் பிரித்தாள். பச்சைத் தோலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பச்சை என்றால் காய், காய் என்றால் புளிப்பு. ஆசையாய் உரித்து ஒரு சுளையை வாயில் போட்டாள். நானும் அக்காவும், திரையில் மாமியாரும், அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

 

அவள் மென்றாள். நிறுத்தினாள். "இனிக்கி!" என்று கத்திவிட்டுத் தோலை என் மேல் எறிந்தாள். பிறகுதான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. மாமியாரும் அங்கே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

புளிக்கிற ஆரஞ்சு கடைசிவரை கிடைக்கவில்லை. இனிக்கிறது என்று திட்டிக்கொண்டே அந்தப் பையை மறுநாளைக்குள் அவளே காலி செய்தாள். அடுத்த வாரம் ஆரஞ்சு வாசமே அவளுக்கு ஆகாமல் போனது. சரியாக அன்றைக்கு என் அலுவலகத்தில் பெருநாள் பரிசாக ஒரு பெட்டி லுக்காம் கொடுத்தார்கள். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. அதனால் சாயங்காலங்களில் மாடிப்படியில் உட்கார்ந்து, தனியாக உரித்துத் தின்றேன். தின்றுவிட்டுச் சோப்புப் போட்டுக் கைகழுவினால்தான் உள்ளே விடுவாள், அதுவும் அவளுக்கு ஆகிற சோப்பாக இருக்க வேண்டும்.